கரி படியாத ஐயாயிரம் மணி நேரம்

கோவிந்தராஜுலு இறந்துபோனதில் நிலையத்துக்கு இருந்த ஒரே சங்கடம், அவர் ஓட்டிக்கொண்டிருந்த இயந்திரம் நிற்கவில்லை என்பதுதான். மனிதர் நின்றுவிட்டார். 1994 பிப்ரவரி பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவேட்டில் அன்றைய வரியை எழுதி, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது. இது எதுவும் இயந்திரத்துக்குத் தெரியாது. அது 1,104 மணி நேரத்தை முடித்துவிட்டு அடுத்த மணிக்குள் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்திவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்டால், நீங்கள் இந்த மாதிரி நிலையங்களில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். ஓட்டத்தை யார் தொடங்கினாரோ அவர்தான் நிறுத்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் நிறுத்திவிட்டு, பழியை மூன்றாமவர் தலையில் கட்டுவதைத் தடுப்பதற்காக எழுபதுகளில் எந்த மகானோ எழுதிவைத்த விதி அது. கையெழுத்துப் போட வேண்டியவரை ஆத்துப்பாலம் சுடுகாட்டில் எரித்தாகிவிட்டது. விதியை யாராலும் எரிக்க முடியவில்லை.

தென்மண்டல வினையூக்கி ஆய்வு நிலையம் சத்தி ரோட்டில் கணபதி என்ற பகுதியைத் தாண்டி இருந்தது. நாப்தா என்ற எண்ணெயையும் நீராவியையும் சேர்த்து, நிக்கல் பூசிய சின்னச் சின்ன வளையங்கள் அடைத்த குழாய்க்குள் சூடாக விட்டால் மறுமுனையில் ஹைட்ரஜன் வரும். உரத்துக்கும் வனஸ்பதிக்கும் அதுதான் மூலம். நிக்கலிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கொஞ்சம் அசந்தால் எண்ணெயிலிருக்கும் கரியை மேலே இழுத்துப் பூசிக்கொள்ளும். கரி ஏற ஏற வளையங்கள் நொறுங்கும், குழாய் அடைக்கும், அடைத்த இடம் செக்கச்செவேலென்று பழுத்து ஒருநாள் வெடிக்கும். கரி ஏறாத நிக்கலைக் கண்டுபிடிப்பதுதான் நிலையத்தின் வேலை. பதினெட்டு வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் கோவிந்தராஜுலு. ஐ.டி.ஐ. படித்த தொழில்நுட்ப உதவியாளர். மக்னீசியா கலந்த நிக்கலில் கடைசியாக ஒரு சிட்டிகை பொட்டாஷ் சேர்த்து, கணபதி லேத் பட்டறை ஒன்றில் தானே நின்று அடித்துவாங்கிய அச்சில் வளையங்களை அழுத்தி, ஒவ்வொன்றாகக் கையால் குழாயில் அடுக்கியவர். ஐயாயிரம் மணி நேரம் ஓட வேண்டும் என்பது கணக்கு. அந்த நிலையத்தில் அதுவரை எந்த வளையமும் எழுநூறு மணி நேரத்தைத் தாண்டியதில்லை. அதுவரை வெளிவந்த எந்த அறிக்கையிலும் கோவிந்தராஜுலுவின் பெயரும் வந்ததில்லை. விஞ்ஞானிகளின் பெயர் வரும், அவர்களுடைய மனைவிமார்களுக்கு நன்றி வரும், ஒருமுறை டைப்பிஸ்டுக்குக்கூட வந்தது. "இந்த ஒண்ணு ஓடி முடிஞ்சா சான்றிதழ்ல 'இயக்கியவர்'னு என் பேரு வரும். அதை எவனும் மாத்த முடியாது" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு தாளைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன்னறைச் சுவரில் ஆணிகூட அடித்துவிட்டார்.

இதை அவர் சொன்னது மனைவி கோமளாவிடம். பத்தாவது வரை படித்தவள். பதினாறு வருஷம் சோற்றோடு சேர்த்துக் கரியைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்ததில், நிலையத்தில் பாதிப் பேருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். ஆரம்பிக்கும்போது முதலில் நீராவி, பிறகு நாப்தா. நிறுத்தும்போது முதலில் நாப்தா, பிறகு நீராவி. மாற்றிச் செய்தால் பத்து நிமிஷத்தில் குழாய் முழுக்கக் கரி.

கருணை அடிப்படையில் வேலை கேட்டு எழுதினால், கேட்டவர் ஓய்வுபெறும் வயதில் ஆர்டர் வருவது நாட்டு வழக்கம். கோமளாவுக்குப் பத்தொன்பதாம் நாளே வந்தது. நிலையத்தின் நெஞ்சு உருகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நிறுத்தவும் முடியாத, ஓட்டவும் ஆளில்லாத இயந்திரத்துக்கு அத்தனை நாளும் தண்ணீர் ஊற்றி, நேரத்துக்கு அளவு குறித்துவந்தவர் வாட்ச்மேன் ரசாக். தோட்டத்துக்கு ஊற்றும் அதிகாரம்தான் தனக்கு உண்டு, கொதிகலனுக்கு இல்லை என்று அவர் நிர்வாக அதிகாரியிடம் பயந்துபோய்ச் சொன்னதும், அதிகாரியும் பயந்துபோனார். கோமளா 'உதவியாளர் (நீராவி)' ஆனாள். ஒன்பதாவது படிக்கும் மகள் பிரவீனாவோடு குவார்ட்டர்ஸிலேயே இருந்துகொள்ளலாம் என்றார்கள்.

முதல் நாளே நிர்வாக அதிகாரி பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, ரசாக் ரீடிங்கெல்லாம் எழுதியிருக்கறான். 'இயக்குபவர்'ங்கற பத்திய மட்டும் காலியா உட்டுப்போட்டான். ஆடிட்ல வந்து எங்க உசுர எடுத்துருவாங்க. மேல என்ன இருக்குதோ அதையே போட்டு நெரப்பிருங்க."

"மேல அவரு பேருதானுங்க இருக்குது."

"அப்ப அதேதான். பேரைத் திருப்பித் திருப்பி எதுக்கு எழுதிட்டு? மேற்படிக் குறி போட்டாப் போதும். ரெண்டு கோடு."

கோமளா பார்த்தாள். பிப்ரவரி பதினெட்டு, பத்து மணி, அழுத்தம் 0.4, கோவிந்தராஜுலு. 'லு'வின் வாலை அவர் எப்போதும் இழுப்பதுபோல நீட்டி இழுத்திருந்தார். அதற்குக் கீழே காலியாகக் கிடந்த கட்டங்களிலெல்லாம் இரண்டு இரண்டு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தாள். போட்டு முடித்தபோது ஒரு விஷயம் உறைத்தது. இந்தப் பதிவேட்டின்படி அவர் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. நேற்றும் டியூட்டி, இன்றைக்கும் டியூட்டி. அந்த மேசையில் தலைவைத்து அவள் அழுதாள். எழுத்து அழிந்துவிடும் என்று அதிகாரி பதிவேட்டை மெதுவாக நகர்த்திக்கொண்டார்.

அன்றிலிருந்து காலை ஆறுக்கும் மதியம் இரண்டுக்கும் கோமளா போவாள், இரவு பத்துக்கு ரசாக் எழுதுவார். தண்ணீர் மட்டம், சூடு, அழுத்தம். பார்வைத் துளை வழியே குழாயைப் பார்க்க வேண்டும். எங்கேயாவது சிவப்புப் பட்டை தெரிந்தால் அங்கே கரி. ஒன்றும் தெரியாது. கரி அடைத்தால் உடனே ஏறும் அழுத்தமானியின் ஊசியும் 0.4-ஐ விட்டு அசையாது. பிறகு இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டுக்காகவே அவள் காலையில் எழுந்தாள் என்றால் மிகையில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆய்வகப் புகைபோக்கிக்கு மேலே காற்று நெளிவது தெரியும். அடுப்பில் எதை வைத்தாலும் ஒருதரம் திரும்பி அதைப் பார்த்துக்கொள்வாள். அவர் அடுக்கிவைத்தது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவர் கையால் செய்தவற்றில் இன்னும் உயிரோடிருப்பது அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றும். மகள் இருக்கிறாளே என்று உடனே நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

இப்படியே விட்டிருந்தால் நிலையத்துக்கு என்ன குறை? ஆனால் நிலையத்தில் கரிப் பிரிவு என்று ஒன்று இருந்தது.

வளையங்களில் படியும் கரியை எடுத்து, எடைபோட்டு, வகைபிரித்து, அலமாரியில் வைப்பதற்காகப் பதினான்கு பேர் கொண்ட பிரிவு. இழைக் கரி, பிசின் கரி, ஓட்டுக் கரி என்று தொடங்கி இருபத்திரண்டு வகையைப் பெயர் வைத்துப் பாட்டில்களில் அடைத்திருந்தார்கள். நிலையத்திலேயே ஆயுத பூஜைக்குப் பெரிய பந்தல் அவர்களுடையதுதான். மாதாமாதம் கரி அறிக்கை போக வேண்டும். அதன் தலைவர் பொங்கியண்ணன் ஏப்ரல் மாதம் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏனுங்கம்மணி, மூணு மாசமா உங்க குழாயிலிருந்து எங்களுக்கு ஒண்ணும் வரலீங்களே?"

"கரி இல்லீங்க சார். ஊசி அப்படியேதானுங்க நிக்குது."

"இல்லீங்கறது ஒரு எடையாங்க? படிவத்துல கிராம்னு கேக்கறாங்க. இல்லைன்னு எழுதுனா, பிரிவு வேலை செய்யலைன்னு ஆயிருமுங்க."

"வேலை செஞ்சதாலதானுங்க சார் இல்லை."

பொங்கியண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கெட்டவரில்லை. கோவிந்தராஜுலுவின் காரியத்துக்கு வந்து கடைசிவரை இருந்தவர். "நான் சொல்றத நீங்க வெளிய சொல்லாதீங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "பதினெட்டு வருசமுங்க. இந்தக் கரிய நம்பித்தான் ரெண்டு புள்ளைகளைக் கட்டிக்குடுத்தேன். பதினாலு குடும்பம் இதுல சோறு திங்குது. திடீர்னு கரியே இல்லைன்னா நாங்க எங்கீங்க போவோம்? ஒரு கிராம். ஒரே ஒரு கிராம் வந்தாப் போதும். உங்க ஊட்டுக்காரரு இருந்திருந்தா என் மொகத்துக்காகக் குடுத்திருப்பாருங்க."

"அவரு இருந்தும் ஒண்ணும் வரலீங்களே சார்" என்றாள் கோமளா. அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

விஷயம் இயக்குநர் டாக்டர் ஐயாசாமியிடம் போயிற்று. அவர் கூட்டம் போட்டார். ஒரு பிரச்சினை வந்தால் அதற்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ கொடுப்பது அவருடைய வழக்கம். கோமளா கதவோரம் நின்று கேட்டாள்.

"ஓர் ஆராய்ச்சி வெற்றி பெறலாம். அதில் தவறில்லை" என்று டாக்டர் ஐயாசாமி தொடங்கினார். "ஆனால் முறைப்படி வெற்றி பெற வேண்டும். இந்நிலையம் கரியை எதிர்ப்பதற்காகத் தோற்றுவிக்கப்பட்டது. எதிர்ப்பதற்குக் கரி வேண்டாமா? எதிரி இல்லாத படைக்கு அடுத்த ஆண்டு யார் நிதி ஒதுக்குவார்கள்? நாம் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும் என்று நாடு எதிர்பார்க்கிறது. ஒரேயடியாகத் தீர்த்துவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை."

எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்மானம் எழுதப்பட்டது. 'குறைந்தபட்ச விதிமுறைக் கரி' உருவாவதற்கு ஏதுவாக, வரும் திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு, நாப்தாவை ஓடவிட்டபடியே நீராவி வால்வை மட்டும் பத்து நிமிடங்கள் மூடுவது. கரிப் பிரிவு அலுவலர்கள் பாட்டிலுடன் ஆஜராக வேண்டியது.

கோமளாவுக்கு நடப்பது கனவா நிஜமா என்று புரியவில்லை. கரி வராமல் இருப்பதற்காகப் பதினாறு வருஷம் ஒருவர் சோறு தண்ணீர் மறந்து அலைந்தார். கரி வரவைப்பதற்காக இப்போது பதினான்கு பேர் பாட்டிலோடு வரப்போகிறார்கள். ஆவி இல்லாமல் பத்து நிமிஷம் நாப்தா போனால், எப்பேர்ப்பட்ட வளையமாக இருந்தாலும் கறுத்துவிடும். நொறுங்கினால் குழாய் வெடிக்கவும் வெடிக்கும். கேட்டைத் தாண்டி வந்து ரசாக்கிடம் சொன்னாள்.

"இவங்க அவரை மறுபடியும் கொல்லப் பாக்கறாங்கண்ணா."

ரசாக் பீடியைக் கீழே போட்டார். "வால்வுக்கு மேல ஒரு சக்கரம் இருக்குமே அம்மணி, கையில திருகறது. அதைக் கழட்ட முடியுமா?"

"ஒரு போல்ட்டுதானுங்கண்ணா."

"கழட்டிக் குடுங்க. லேசா ஆடுது, பட்டறைல குடுத்துச் சரி பண்ணணும்."

ஆடவெல்லாம் இல்லை. சக்கரம் ரசாக்கின் சாப்பாட்டுப் பையில் வெளியே போயிற்று. திங்கட்கிழமை பதினான்கு பேரும் பாட்டிலோடு வந்து, சக்கரமில்லாத வால்வைச் சுற்றி நின்றார்கள். பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றாள் கோமளா. வெளியேற்றச் சீட்டு எங்கே என்றார் நிர்வாக அதிகாரி. சீட்டு இல்லை. சீட்டு இல்லாமல் எந்தப் பொருளும் கேட்டைத் தாண்ட முடியாது என்பதால், சக்கரம் நிலையத்துக்குள்தான் இருக்கிறது என்று முடிவாயிற்று. உள்ளே இருக்கும் பொருளைக் காணோம் என்று புகார் கொடுக்க வழியில்லை. இருக்கும்போதே இன்னொன்று வாங்கவும் வழியில்லை. மே மாதம் முழுக்க மூன்று குழுக்கள் அதை உள்ளேயே தேடின. ஒரு ஸ்பானரை மாட்டித் திருகினால் வால்வு மூடிக்கொள்ளும் என்பது கோமளாவுக்கும் ரசாக்குக்கும் தெரியும். அங்கிருந்த எட்டு டாக்டர்களுக்குத் தோன்றவில்லை. தேடிக்கொண்டே இருந்ததில் ஜூலை வந்துவிட்டது.

ஜூலை முப்பது, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஐயாயிரம் நிறைகிறது. சக்கரம் போனபடியே சத்தமில்லாமல் திரும்பி வந்தது. இப்போது நிறுத்த வேண்டும். நிறுத்தப் படிவத்தில் தொடங்கியவர் கையெழுத்து வேண்டும். நிர்வாக அதிகாரி ஒரு வாரம் விதிப் புத்தகத்தைப் புரட்டி, தொடங்கியவர் காலமாகியிருப்பின் அவருடைய சட்டப்பூர்வ வாரிசு கையெழுத்திடலாம் என்று ஒரு வரியைக் கண்டுபிடித்தார். கோமளா தாலுகா ஆபீஸில் நாலு நாள் நின்று வாரிசுச் சான்றிதழ் வாங்கிவந்தாள். கணவர் விட்டுப்போனது ஒரு குழாய் என்று அங்கே சொன்னபோது, எந்த ஊரில், எத்தனை அடி என்று கேட்டார்கள்.

அன்று அவள் பிரவீனாவையும் கூட்டிவந்தாள். ஆறு மணிக்குக் கடைசி வரியை எழுதினாள். 5,000. அழுத்தம் 0.4. இரண்டு கோடு. அப்புறம் நாப்தா வால்வில் கைவைத்தாள். கை திருகவில்லை. இதைத் திருகினால் நாளைக் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க ஒரு காரணமும் இருக்காது. அவருடைய வரிக்குக் கீழே அடுத்த வரி இருக்காது. இது ஓடி முடிய வேண்டும் என்று ஐந்து மாதம் சாமி கும்பிட்டவள், முடியாமலே போயிருக்கக் கூடாதா என்று அந்த நிமிஷத்தில் நினைத்தாள்.

"மூடும்மா" என்றாள் பிரவீனா மெதுவாக. "அப்பாவுக்குக் களைச்சுப் போயிருக்கும்."

கோமளா மூடினாள். முதலில் நாப்தா. ரொம்ப நேரம் கழித்து நீராவி. வீட்டுக்குப் போனதும் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். புகைபோக்கிக்கு மேலே காற்று நெளியவில்லை, சும்மா வானமாக இருந்தது. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். பிப்ரவரியில்கூட அப்படி அழவில்லை.

அடுத்த புதன்கிழமை விழா. ஷாமியானா, வாழைமரம், நாதஸ்வரம், சிறப்பு விருந்தினர், ஏழு சால்வை. ஆறிய குழாயை மேடையிலேயே திறந்து, வளையங்களை வெள்ளித் தட்டில் கொட்டினார்கள். சாம்பல் நிறத்தில், ஓரம்கூட உடையாமல், அடுக்கியது அடுக்கியபடியே வந்து விழுந்தன. டாக்டர் ஐயாசாமி ஒன்றை எடுத்துத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துக் கூட்டத்துக்குக் காட்டினார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. கைதட்டலில் ஷாமியானா அதிர்ந்தது. பொங்கியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"இந்த வெற்றி எந்தத் தனிமனிதருக்கும் உரியதல்ல" என்றார் டாக்டர் ஐயாசாமி. "சொல்லப்போனால் எந்த மனிதருக்கும் உரியதல்ல. இது நிலையத்துக்கு உரியது. தனிமனிதர்கள் வருவார்கள், போவார்கள், சிலர் இடையிலேயே போய்விடுவார்கள். நாற்காலி நிரந்தரம்."

கோமளா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தட்டில் கிடந்த வளையங்களில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் அவர் விரல் பட்டிருக்கிறது. கேட்டாள். அரசு உடைமை என்றார்கள்.

சான்றிதழ் தயாராகும் நேரத்தில் தணிக்கை வந்தது. தணிக்கைக்காரர் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நிறுத்தப் படிவத்தின்படி, தொடங்கியவர் இறந்துபோனதால் வாரிசு கையெழுத்திட்டிருக்கிறார். பதிவேட்டின்படி, அதே தேதி, அதே ஆறு மணிக்கு, தொடங்கியவர் பணியில் இருந்திருக்கிறார். பிப்ரவரியில் செத்தவர் ஜூலை வரைக்கும் தினம் மூன்று வேளை டியூட்டி பார்த்திருக்கிறார். மூவர் விசாரணைக் குழு அமைந்தது.

குழு கூடுவதற்கு முன்பே நிர்வாக அதிகாரி கோமளாவைக் கூப்பிட்டு, அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே, விளக்கினார்.

"ரெண்டு வழிதானுங்கம்மா இருக்குது. பிப்ரவரி பதினெட்டுல எறந்துட்டாருன்னா, ஓட்டம் ஆயிரத்து நூத்தி நாலோட கைவிடப்பட்டதுன்னு எழுதுவாங்க. மிச்சம் ஆளில்லாம ஓடுனது. ஆளில்லாம ஓடுனது ஓட்டமே இல்லீங்க. சான்றிதழ் கெடையாது. இல்ல, கடைசி வரைக்கும் அவருதான் இயக்குனாருன்னா, சான்றிதழ் அவரு பேர்லயே வரும். ஆனா பிப்ரவரில சாகாதவரோட சம்சாரத்துக்கு மார்ச்சுல கருணை வேலை எப்படீங்க குடுக்கறது? உங்க ஆர்டர் செல்லாது. ஊட்டையும் காலி பண்ணோணும்."

"மிச்சத்தை நான்தானுங்களே ஓட்டுனேன்? என் பேரைப் போடலாமுங்களே?"

"உதவியாளருக்கு இயக்கற அதிகாரம் இல்லீங்கம்மா. தண்ணி ஊத்துனாங்கன்னு வேணா ஒரு குறிப்பு எழுதிக்கலாம்."

வெளியே புங்கமரத்தடிப் பெஞ்சில் ரசாக் காத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பிப்ரவரின்னே சொல்லிருங்க அம்மணி. அதுதானே நெசம். புள்ளை படிக்குது. அவரு இருந்தாலும் அதைத்தான் சொல்லுவாரு."

"தெரியுதுங்கண்ணா" என்றாள் கோமளா. அப்படியேதான் சொல்வது என்று முடிவும் செய்துகொண்டாள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு அவளைப் பிழைக்கத் தெரியாதவள் என்று பேசினார்கள். அவளுக்குப் பிழைக்கத் தெரியும். பிப்ரவரி பதினெட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் அந்த அறைக்குள் போனாள்.

மூன்று பேர், மூன்று டம்ளர் மோர், நடுவில் பதிவேடு. நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஏட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். ஒரு பக்கம் முழுக்க மேலிருந்து கீழே அவள் போட்ட இரட்டைக் கோடுகள்.

"இதெல்லாம் யாரைக் குறிக்கிறதம்மா?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

"அவர் அப்போது உயிரோடு இருந்தாரா?"

கோமளா வாயைத் திறந்தாள். அந்தக் கோடுகள் ஒவ்வொன்றையும் போட்டபோது எப்படியிருந்தது என்று அவளுக்குத் தெரியும். இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவு நாளும் பொய்யென்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

"கேள்வி சுலபமானதுதான். உங்கள் கணவர் எப்போது இறந்தார்?"

"நான் அந்த வால்வை மூடுனேன் பாருங்க சார்" என்றாள் கோமளா. "அன்னிக்குத்தானுங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த எழுத்தர் எழுதினார்: 'கணவர் 30-7-1994 மாலை 6 மணிக்கு மேல் இறந்ததாக மனைவி வாக்குமூலம்.' படித்துக் காட்டினார்கள். மாற்ற விரும்பினால் மாற்றலாம் என்றார்கள். ஐந்து நிமிஷம் தந்தார்கள். கோமளா மகளை நினைத்தாள், வாடகையை நினைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஏன் போட்டாய் என்று ரசாக் கேட்டதற்கு, "இன்னொரு வாட்டி அவரைக் கொல்ல எனக்கு முடியலீங்கண்ணா" என்றாள்.

செப்டம்பரில் வேலை போயிற்று. குழுவின் பரிந்துரையில் ஒரு குறையும் இல்லை. சான்றிதழ் அச்சாயிற்று: இயக்கியவர், திரு. கோவிந்தராஜுலு. கரிப் பிரிவுக்கும் ஒரு வழி பிறந்தது. கரி எங்கேயிருந்து வராமல்போனது என்பதை ஆராய, 'கரியின்மைப் பிரிவு' என்று பெயர் மாற்றிக்கொண்டு, பதினான்கு பேரோடு இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு மாதிரி வேண்டும் என்று வளையங்களை உடைத்துப் பொடியாக்கி எடைபோட்டார்கள். அதே மாதிரி வளையம் இன்னொரு தொகுதி செய்ய வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. செய்யத் தெரிந்தவரைத் தேடினால் கிடைத்திருக்கவும் மாட்டார்.

கோமளா கணபதியில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிவந்து, பம்ப் கம்பெனி ஒன்றில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றப் போனாள். புது வீட்டில் முன்னறையே கிடையாது. அக்டோபரில் ஒருநாள், இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில், வாசலில் சைக்கிள் மணி அடித்தது. அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்திருந்த தபால்காரர்.

"கோவிந்தராஜுலுங்கறது இந்த ஊடுங்களா? ரெஜிஸ்டர் வந்திருக்குது."

"இங்கதானுங்க. எங்க ஊட்டுக்காரருங்க."

பழைய விலாசத்தை அடித்துப் புது விலாசம் எழுதிய, அட்டை வைத்துத் தைத்த பெரிய உறை. 'சான்றிதழ். மடிக்கக் கூடாது' என்று ஒரு முத்திரை. 'பெறுபவரிடம் மட்டும்' என்று இன்னொரு முத்திரை. கோமளா கையை நீட்டினாள்.

"அவருகிட்டத்தான் குடுக்கோணும்னு போட்டிருக்குதுங்க. கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

நீட்டிய கையை அவள் எடுக்கவில்லை.

"வெளிய போயிருக்காருங்களா? பரவால்லீங்க. எப்ப வருவாருன்னு சொல்லுங்க, அந்நேரத்துக்கு வாரேன்."

எட்டு மாதத்தில் எத்தனையோ பேர் அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் சொன்னார், தாசில்தார் சொன்னார், தணிக்கைக்காரர் சொன்னார். அவள் ஒருமுறைகூடத் தன் வாயால் சொன்னதில்லை. இந்த மனிதர் படிவம் எதையும் நீட்டவில்லை. எப்போது வருவார் என்றுதான் கேட்டார்.

"வரமாட்டாருங்க" என்றாள். "செத்துப்போயிட்டாருங்க."

தபால்காரர் மிதியிலிருந்து காலை எடுத்துக் கீழே ஊன்றினார். "அடடா. எப்பங்க்கா?"

"பிப்ரவரி பதினெட்டுங்க. வெள்ளிக்கெழம. காலைல ரெண்டு தோசை சாப்பிட்டுப்போட்டு, நல்லாத்தானுங்க போனாரு." அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

தபால்காரர் இறங்கிச் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். பிறகு உறையை அவள் மடியில் வைத்தார். "நான் குடுக்க முடியாதுங்க்கா. செத்த நேரம் வெச்சுப் பாத்துட்டுக் குடுங்க" என்றார். கோமளா டைப் அடித்திருந்த அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். தடவி முடித்ததும் அவளே எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் சைக்கிள் சீட்டில் வைத்து, 'பெறுநர் இறந்துவிட்டார். அனுப்பியவருக்கே திருப்புக' என்று எழுதி, தேதியும் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.